மேற்கு வாசல் சுழல்கம்பி

இன்றைக்கும் அவள் நேரம் கழித்து வரட்டும். மழை இன்னும் பலமாகப் பிடிக்கட்டும். ஷெட்டில் இன்னும் நாலு கூடை வந்து இறங்கட்டும். ஒரு மணி நேரம்... அரை மணி நேரமாவது... குழந்தை என் தோளிலேயே இருக்கட்டும்.

அன்று மாலை ஐந்தரை மணிக்கு என் மனத்தில் ஓடியது இதுதான். வாய்விட்டுச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற ரம்லத்துக்குக்கூடத் தெரியாது. ஆனால் இதை முதலில் எழுதாமல் மற்றதை மட்டும் எழுதினால் பாதிப் பொய் எழுதியவளாவேன்.

நடந்த நாள் 1979 ஜூலை 19, வியாழக்கிழமை. இடம் மட்டாஞ்சேரி. எனக்கு அப்போது முப்பத்துநாலு வயது. ஜுரம் இல்லை. தூக்கக் கலக்கம் இல்லை. இருட்டைக் கண்டு பயப்படும் சுபாவமும் இல்லை. கற்பனை செய்து எழுதத் தெரிந்தவளும் இல்லை. பாலவாடி டீச்சர், அவ்வளவுதான். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் சுவர்க் கடிகாரத்தில் இருந்த மணியோடு அப்படியே சொல்கிறேன். எதற்கும் காரணம் சொல்ல எனக்குத் தெரியாது.

என் பெயர் லோகாம்பாள். மூன்று தலைமுறைக்கு முன்பு கொச்சிக்கு வந்த தமிழ்க் குடும்பம். ஆலுவாவில் எட்டு வருஷம் குடித்தனம் செய்தேன். இரண்டு பிரசவம். இரண்டு குழந்தைகளும் மூச்சு விடாமலே பிறந்தன. அதற்குப் பிறகு அவர் வேறு கல்யாணம் செய்துகொண்டார். நான் மட்டாஞ்சேரியில் அண்ணா வெங்கிடராமன் வீட்டுக்கு வந்தேன். அண்ணாதான் யாரையோ பிடித்து இந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். செம்மீன் ஷெட்டில் இறால் உரிக்கப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்ளும் வேலை. இருபத்திரண்டு குழந்தைகள். எனக்குத் துணைக்கு ஆயா ரம்லத்.

பாலவாடி இருந்த கட்டடத்தை ஊரில் எல்லோரும் 'எக்சிபிஷன்' என்றுதான் சொல்வார்கள். 1936-இல் வியாபாரிகள் சங்கம் ஒன்று விவசாயக் கைத்தொழில் கண்காட்சி நடத்துவதற்காகக் கட்டியது. காயலை ஒட்டி, எட்டுப் பட்டையாக ஒரு பெரிய கூடம். வடக்கே ஒரு சிறகு, தெற்கே ஒரு சிறகு. கூடத்தின் ஓட்டுக் கூரைக்கு நடுவில் இன்னொரு சின்னக் கூரை எழும்பி நிற்கும். அதைச் சுற்றிலும் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி. காலை ஒன்பது மணிக்கு அந்தக் கண்ணாடி வழியாக விழும் வெளிச்சத்தில் குழந்தைகள் கையை நீட்டி நிறம் மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

கூடத்தைத் தாங்கி எட்டுத் தூண்கள். பார்த்தால் கருங்கல். தலையில் பூமாலை, திராட்சைக் கொத்து எல்லாம் உண்டு. விரலால் தட்டினால் தொம் தொம் என்று ஒலிக்கும். உள்ளே வெறும் மரக்கால். அதைச் சுற்றி மூங்கில் பிளாச்சு கட்டி, சுண்ணாம்பு பூசி, கல் மாதிரி கோடு இழுத்திருந்தார்கள். மரத்துக்கும் பூச்சுக்கும் நடுவில் காற்றுதான். நாற்பத்தைந்து நாள் நிற்பதற்காகக் கட்டிய கட்டடம் அது. பிரிக்க நாள் குறித்தபோது மழை வந்துவிட்டதாம். அடுத்த வருஷம் என்றார்கள். பிறகு யுத்தம் வந்தது, பட்டாளத்துக்காரர்கள் சாமான் போட்டு வைத்தார்கள். அதற்குப் பிறகு சுக்கும் மிளகும் அடுக்கும் கிடங்கு. நான் போன பிறகும் மழைக்காலத்தில் சுவரிலிருந்து மிளகு நெடி கிளம்பும். குழந்தைகள் ஒன்று மாற்றி ஒன்று தும்முவார்கள்.

கண்காட்சி பார்க்க வந்தவர்கள் கிழக்கு வாசலில் நுழைந்து, இரண்டு சிறகுகளையும் சுற்றி, மேற்கு வாசல் வழியாகக் காயல் பக்கம் வெளியேற வேண்டும். வந்த வழியே திரும்ப முடியாது. மேற்கு வாசலில் ஒரு சுழல்கம்பி நட்டிருந்தார்கள். மார்பளவு இரும்புத் தூண், அதன் தலையில் நாலு பக்கமும் நாலு கைகள். உள்ளிருந்து தள்ளினால் கால் சுற்று சுற்றி டக் என்று நிற்கும், ஓர் ஆள் வெளியே போகலாம். வெளியிலிருந்து தள்ளினால் அசையாது. கிடங்காக இருந்த காலத்தில் காயல் ஈரம் வரக்கூடாதென்று மேற்கு வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். சுழல்கம்பியை மட்டும் யாரும் பிடுங்கவில்லை. சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, எங்கும் போகாத இடத்தில் அது நின்றுகொண்டிருந்தது. துருப்பிடித்து இறுகிப் போனது. குழந்தைகள் அதில் தொங்கி விளையாடுவார்கள். ஐந்து வருஷத்தில் ஒரு நூல்கூட அது அசைந்து நான் பார்த்ததில்லை.

குழந்தைகளைத் திருப்பி ஒப்படைப்பதில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஷெட்டில் யார் முதலில் வேலை முடிக்கிறாளோ அவள் பக்கத்துக்காரியின் குழந்தையையும் சேர்த்துக் கூட்டிப் போவாள். எல்லோர் தலையிலும் ஒரே மாதிரித் துணி, எல்லோரும் அவசரத்தில். பாதிப் பேரின் முகம் எனக்குப் பழக்கமில்லை. ரம்லத் அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். யார் வந்தாலும் குழந்தையைத் தூக்கிக் கொடுக்கமாட்டாள். "கையை நீட்டு. பிள்ள மோந்து பாக்கட்டும்" என்பாள். நாளெல்லாம் பனிக்கட்டியிலும் இறாலிலும் கிடந்த கை. எத்தனை புளி போட்டுக் கழுவினாலும் போகாத வாசனை. தூக்கத்தில் இருக்கும் குழந்தைகூட அந்தக் கையை முகர்ந்ததும் தானாகச் சாயும். சாயாவிட்டால் ரம்லத் கொடுக்கமாட்டாள். முதல் வருஷம் நான் இதைப் பார்த்துச் சிரித்தேன்.

சபூரா வந்தது 1978-இல். சுலைஹாவின் மகள். சுலைஹாவின் புருஷன் படகு வேலைக்கென்று மங்களூர் போனவன், திரும்பவில்லை. சுள்ளிக்கல்லில் ஒற்றை அறையில் தாயும் மகளும். மற்றக் குழந்தைகள் என்னை டீச்சர் என்பார்கள். சபூரா அப்படி எதுவும் சொல்லமாட்டாள், தன் தாயை மட்டும் 'உம்மா' என்பாள். பக்கத்தில் வந்து என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்தப் பிடியிலிருந்து விரலை உருவிக்கொள்ள ஒவ்வொரு மாலையும் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அண்ணா வீட்டில் என் பாயை விரித்துப் படுத்த பிறகும் விரலில் அந்தச் சூடு இருக்கும்.

அந்த வருஷம் மழை தொடங்கியதிலிருந்தே சில சின்ன விஷயங்கள் சரியில்லை.

மத்தியானம் குழந்தைகள் தூங்கும் நேரத்தில் யாரோ மெல்லிய குரலில் எண்ணுவது கேட்கும். இருபத்துநாலு... இருபத்தைந்து... இருபத்தாறு... அதோடு நின்றுவிடும். ரம்லத் எண்ணுகிறாள் என்று நினைத்தேன். ஒருநாள் அவளே கேட்டாள்:

"டீச்சரே, உள்ளது இருபத்திரண்டு பிள்ளைங்க. நீங்க எந்தா இருபத்தாறு வரைக்கும் எண்ணறீங்க?"

இன்னொரு நாள் காலையில் தரையைப் பெருக்கும்போது சுழல்கம்பியின் அடியில் துருப்பொடி விழுந்து கிடந்தது. வட்டமாக. கோலப்பொடியால் இழுத்த மாதிரி.

பிறகு சபூரா. சாயங்காலம் நான் தூக்கி வைத்திருக்கும்போது என் தோளுக்குப் பின்னால், மேற்குச் சுவரைப் பார்த்துக் கை ஆட்டுவாள். திரும்பிப் பார்ப்பேன். செங்கல்.

இனி அந்த வியாழக்கிழமை.

கரிக்காடி இறால் கொள்ளை கொள்ளையாக வந்த வாரம். ஷெட்டில் யாருக்கும் நேரத்தோடு விடுதலை இல்லை. நாலு மணிக்கு மழை பிடித்தது. ஒவ்வொருத்தியாக நனைந்துகொண்டே வந்து இரண்டு மூன்று குழந்தைகளாக அள்ளிக்கொண்டு போனார்கள். ஐந்தரைக்கு மிச்சம் இருந்தது மூன்று பேர்: சபூரா, பிறகு ஓர் அண்ணன் தம்பி. கை வீங்கியதால் அந்தப் பையன்களின் தாய் அன்று வேலைக்கே போகவில்லை. ரம்லத் கொண்டுவிடுவதாக ஏற்பாடு.

"டீச்சரே, அவளக் கீழ இறக்குங்க. உங்க தோளென்ன கட்டிலா?"

"தூங்கறாளேடி."

"எங்க தூங்குது? கண்ணத் தொறந்து என்னப் பாத்துச் சிரிக்குது, கள்ளி. சுலைஹா வந்தா எங்கிட்டத்தான் சண்டைக்கு நிப்பா. பிள்ளைக்கு நடக்க மறந்துபோச்சும்பா."

"நீ கெளம்பு. மழை வலுக்கறது."

"ஆறு மணிக்குள்ள வந்துருவேன் கேட்டோ. கதவத் தாப்பாள் போட்டுக்கோங்க, சாரல் அடிக்கும்."

அவள் போனதும் கிழக்குக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். கதவுக்கு மேலே சுவர்க் கடிகாரம். மணி 5.38.

அவ்வளவு பெரிய கூடத்தில் நானும் சபூராவும் மட்டும். பயமாக இல்லை. சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது. இவள் என் வயிற்றில் பிறந்தவள், வெளியே மழை, நாங்கள் எங்கள் வீட்டில் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே தூணைச் சுற்றி நடந்தேன்.

5.48-க்குக் கரண்ட் போனது. கண்ணாடிக் கூரையிலிருந்து மங்கலாகக் கொஞ்சம் பச்சை வெளிச்சம் மட்டும்.

5.52.

டக்.

ஓட்டின் மேல் மழை அவ்வளவு பலமாக அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் கேட்டது. சபூரா தலையைத் தூக்கி என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். கை ஆட்டினாள்.

திரும்பினேன்.

சுழல்கம்பிக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றாள். என் வயதுதான் இருக்கும். வெள்ளைப் புடவை. முழங்கை வரை ரவிக்கை. இடது தோளில் துணியால் செய்த பூ ஒன்றைக் குத்தியிருந்தாள். அதிலிருந்து இரண்டு ரிப்பன்கள் தொங்கின. ஷெட்டில் மேற்பார்வை பார்க்கும் அம்மா யாரோ, சுலைஹா சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்தேன். எங்கள் வழக்கம் அப்படி. யார் வேண்டுமானாலும் வருவார்கள்.

கதவுக்கு நான் தாழ்ப்பாள் போட்டிருந்தது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.

"யாரு? சுலைஹா அனுப்பினாளா?"

"குழந்தைய எடுத்துண்டு போக வந்திருக்கேன்."

எங்கள் வீட்டுப் பேச்சு. என் அம்மா பேசுகிற மாதிரி. ஷெட்டிலிருந்து இந்தப் பேச்சு பேசும் யாரும் வந்ததில்லை. எனக்கு அது சந்தேகம் தரவில்லை. ஆறுதலாக இருந்தது.

"சுலைஹா எங்க?"

"அவ வரமாட்டா."

"ஏன்? என்ன ஆச்சு?"

"நாழியாயிடுத்து. இனிமே வரமாட்டா." கொஞ்சம் நிறுத்தினாள். "வரலேன்னா... குழந்தை நம்மகிட்டதானே?"

எனக்குள் முதலில் எழுந்தது பயம் இல்லை.

"வரமாட்டாளா?" என்று கேட்டேன்.

என் காதிலேயே என் குரல் விழுந்தது. அதில் கவலை இல்லை. ஆசை இருந்தது.

அவள் ஓரடி முன்னால் வந்தாள். அப்போதுதான் கவனித்தேன். வெளியே அப்படிப் பெய்கிறது... அவள் புடவையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. தலைமுடியில் இல்லை. பாதத்தில் இல்லை.

"கையக் காட்டுங்கோ" என்றேன். ரம்லத்தின் வழக்கம் வாயில் தானாக வந்தது.

நீட்டினாள்.

சுத்தமான கை. நகம் வெட்டிய கை. ஆள்காட்டி விரல் நுனியில் மட்டும் ஊதா மைக்கறை. சபூரா குனிந்து முகர்ந்தாள்.

சாயவில்லை.

அழவும் இல்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். என் கழுத்தை இரண்டு கைகளாலும் இறுக்கினாள். அப்போது அவள் மணிக்கட்டு என் கன்னத்தில் உரசியது. துணி மாதிரி ஏதோ...

வெள்ளை நாடா. முடிச்சுப் போட்டிருந்தது. மேலே ஊதா மையில் ஓர் எண்.

27.

நான் கட்டவில்லை.

6.22.

கிழக்குக் கதவில் தட்டும் சத்தம்.

"டீச்சரே! டீச்சரே, நான் சுலைஹா!"

அரை மணி நேரம் எங்கே போயிற்று? எனக்குத் தெரியாது. அங்கேயேதான் நின்றிருந்தேன்.

"திறக்காதே" என்றாள் அவள். அதட்டவில்லை. கெஞ்சவும் இல்லை. தெரிந்த விஷயத்தைச் சொல்கிற குரல். "கொஞ்ச நேரம் தட்டுவா. அப்புறம் போயிடுவா."

"டீச்சரே!"

"அழுவா. அதுவும் நின்னுடும்."

நான் நகரவில்லை.

அவள் என்னைப் பிடித்து நிறுத்தவில்லை. கால் மரத்துப் போகவில்லை. வாய் அடைத்துப் போகவில்லை. பேய்க் கதைகளில் சொல்கிற எதுவும் எனக்கு நடக்கவில்லை. நகர முடியும். நகரவில்லை.

தட்டல்... பிறகு இரண்டு கையாலும் தட்டல்... பிறகு மழை மட்டும்...

போய்விட்டாள் என்று நினைத்தேன்.

அப்போது சபூரா என் காதுக்குள் சொன்னாள். சத்தமே இல்லாமல். மூச்சு மாதிரி.

"உம்மா."

நடந்தேன்.

முதல் தூண்.

டக்.

இரண்டாவது தூண்.

டக்... டக்...

திரும்பவில்லை.

டக் டக் டக் டக்... ஒரு கூட்டமே வெளியேறுகிற மாதிரி...

தாழ்ப்பாளைத் தூக்கினேன்.

கடிகாரத்தில் 6.31.

சுலைஹா படியில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியைக் கதவில் சாய்த்திருந்தவள், கதவு திறந்ததும் உள்ளே விழுந்தாள். உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன. என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

"எத்தர நேரமாத் தட்டறேன்... உள்ள உங்க காலு தெரியுது, கதவிடுக்குல... நீங்க அனங்கவே இல்லையே, நின்ன எடத்துலயே நிக்கறீங்களே டீச்சரே... பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?"

சபூரா அவள் கைக்குச் சாய்ந்தாள். அந்த நாற்றமடிக்கும், தோலுரிந்த கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சுலைஹா நாடாவைப் பார்த்தாள். "இதெந்தா, நம்பரு?" என்று பல்லால் கடித்து அறுத்து மழைத் தண்ணீரில் எறிந்தாள். அது ஓடையில் போனது.

"தூங்கிட்டேன்" என்றேன். பொய்.

திரும்பிப் பார்த்தபோது கூடத்தில் யாரும் இல்லை. தரை உலர்ந்திருந்தது. மழையில் மாட்டிக்கொண்ட ரம்லத் அன்று திரும்பவே இல்லை. மறுநாள் காலையில் அவளும் நானும் சுழல்கம்பியை இரண்டு பக்கமும் தள்ளிப் பார்த்தோம். அசையவில்லை. அடியில் புதிதாகத் துருப்பொடி. ரம்லத் என்னை உற்றுப் பார்த்தாள். அன்றிலிருந்து சாயங்காலம் என்னைத் தனியாக விட்டு அவள் போனதும் இல்லை.

இரண்டு வருஷம் நான் ஒரு விஷயத்தை நம்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண், குழந்தையைத் தொலைத்த ஒரு தாய். பாவம், தேடி வருகிறாள். அவளுக்காக நான் அழுதும் இருக்கிறேன். குழந்தையை இழந்தவளுக்குத்தானே குழந்தை வேண்டும்? எனக்குத் தெரியாததா?

1981 நவம்பரில் குழந்தைகளுக்குக் காற்று வேண்டும் என்று மேற்குச் சுவரை இடித்துக் கதவு வைக்க முடிவு செய்தார்கள். கட்டடத்தின் பழைய வரைபடம் இருக்கிறதா என்று பார்க்க வியாபாரிகள் சங்க ஆபீசுக்கு என்னை அனுப்பினார்கள். அங்கே குமாஸ்தா பிச்சுமணி, அண்ணாவுக்குத் தெரிந்தவர். ஏணி போட்டு மேல் அலமாரியிலிருந்து கட்டு கட்டாக இறக்கிப் போட்டார்.

"அது கட்டடமா டீச்சர்? பந்தல். சுண்ணாம்பு பூசின பந்தல். இடிச்சா மேற்குச் சுவர் மட்டும் விழாது, மொத்தமும் விழும். சாயா குடிக்கறேளா?"

வரைபடம் கிடைத்தது. அதே கட்டில் கண்காட்சிப் போட்டோக்களும் ஒரு நடவடிக்கைப் புத்தகமும் இருந்தன. நான் பள்ளியில் படித்தது மலையாளம். தடையில்லாமல் படிக்க முடிந்தது.

கண்காட்சியில் ஒருநாள் குழந்தைக் காட்சி நடந்திருக்கிறது. ஆரோக்கியமான குழந்தைக்குப் பரிசு. தாய்மார்கள் குழந்தையைக் கொடுத்துவிட்டு மேற்கு வாசல் வழியாக வெளியே போய்க் காத்திருக்க வேண்டும். யார் குழந்தை என்று நடுவர்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக மணிக்கட்டில் எண் கட்டுவார்கள். முடிந்ததும் கிழக்கு வாசலுக்குச் சுற்றி வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். இருபத்தேழு குழந்தைகள். திரும்ப வாங்கிக்கொண்ட தாய்மார்கள் இருபத்தாறு.

இருபத்தேழாம் எண், கும்பளங்கியிலிருந்து தோணியில் வந்த ஒரு பெண்ணின் குழந்தை. காத்திருந்த நேரத்தில் அவள் கூட வந்தவர்களைத் தேடிப் படகுத்துறைக்குப் போயிருக்கிறாள். மழையில் மாட்டிக்கொண்டு, எல்லாம் முடிந்த பிறகு வந்திருக்கிறாள். கிழக்குக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. மேற்கு வாசல் சுழல்கம்பி வெளியிலிருந்து அசையாது. 'உள்ளே ஆள் இருந்தும் கதவு திறக்கப்படவில்லை என்று மேற்படி ஸ்திரீ முறையிட்டாள். குழந்தை எதுவும் மிச்சமில்லை என்று பொறுப்பாளர் எழுதிக் கொடுத்திருப்பதால் முறையீடு தள்ளப்பட்டது.' அந்தப் பெண் கண்காட்சி முடியும்வரை தினமும் வந்திருக்கிறாள். அந்தக் குழந்தை என்ன ஆயிற்று என்று புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை.

ஆக, நான் நினைத்தது சரிதான் என்று போட்டோக்களைப் பார்த்தேன்.

தாய்மார்களின் போட்டோவில் அவள் இல்லை.

அடுத்த போட்டோவில் இருந்தாள். எட்டுத் தூண்களுக்கு நடுவே, நாற்காலியில். வெள்ளைப் புடவை. தோளில் துணிப்பூ, இரண்டு ரிப்பன். மடியில் பதிவேடு. கீழே அச்சில் இருந்ததை மூன்று முறை படித்தேன். 'குழந்தைகளை ஏற்று ஒப்படைத்த பொறுப்பாளர். தமக்கு மக்கட்பேறு இல்லாவிடினும் குழந்தைகளிடம் அளவற்ற பிரியம் உடையவர்.' அதற்குப் பக்கத்தில் யாரோ பிற்பாடு ஊதா மையில் எழுதியிருந்தார்கள்: 1938-இல் காலமானார்.

பிச்சுமணி சாயாவை என் முன்னால் வைத்தார். "என்ன டீச்சர், தெரிஞ்சவாளா?" என்றார்.

தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

மேற்குச் சுவரை இடிக்கவில்லை. மொத்தமும் விழும் என்று எஞ்சினியரும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

1982 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணி, நல்ல வெயில். சுலைஹா அண்ணா வீட்டு வாசலில் வந்து நின்றாள். குளித்து, பெட்டியில் மடித்து வைத்திருந்த புடவை கட்டியிருந்தாள். கூட சபூரா. ஐந்து வயது, இரட்டைப் பின்னல்.

"குவைத்துக்கு விசா வந்திருக்கு டீச்சரே. வீட்டு வேலை. ரெண்டு வருஷம்... நீண்டாலும் நீளும்."

"நல்லது."

"இவள உங்ககிட்ட விட்டுட்டுப் போலாம்னு..." புடவைத் தலைப்பைக் கையில் சுற்றினாள். "நீங்கதான் இவளுக்கு உம்மா மாதிரி. எனக்குத் தெரியும். நான் திரும்பி வராமப் போனாலும் இவ உங்ககிட்ட இருந்தா எனக்கு ஒண்ணும் இல்ல."

உள்ளே அண்ணா பேப்பரை மடிக்கும் சத்தம் கேட்டது. அண்ணா சரி என்றுதான் சொல்வார். எனக்குத் தெரியும்.

சபூரா பக்கத்தில் வந்து என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆலுவால உன் தங்கை இருக்காளே சுலைஹா. அவளுக்கும் ரெண்டு இருக்கு. சேர்ந்து வளரும்."

"அவ அடிப்பா டீச்சரே. இவள அடிப்பா."

"நான் வந்து பாத்துக்கறேன். மாசம் ஒரு தரம் வரேன். பகல்ல வரேன்."

"உங்களுக்கு இவ வேண்டாமா?"

அந்தக் கேள்விக்குப் பதில் என் உடம்பு முழுவதும் இருந்தது. விரலில் இருந்தது. சுலைஹா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர்.

நான் குனிந்து, சபூராவின் விரல்களை ஒவ்வொன்றாக என் விரலிலிருந்து பிரித்தேன். அந்தக் கையை அவள் தாயின் கையில் வைத்தேன்.

"வேண்டாம்மா" என்றேன்.